ஒரு பெயர், பல நோய்கள்: காமாலையின் நோய்ப்பரவலியல் வரலாறும் சென்னைக் கீழாநெல்லி ஆய்வும்

ஆய்வுச் சுருக்கம்

மஞ்சள் காமாலை என்பது தனியொரு நோயைக் குறிக்கும் சொல்லன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஒரு குறியைச் சுட்டும் சொல்லாகும். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள் ஐந்து வகைப்படும் என்பதும், அவை பரவும் வழியும் உடலில் தங்கும் காலமும் வேறுவேறானவை என்பதும் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படிப்படியாகத் தெளிவாயின. இத்தெளிவைப் பின்புலமாகக் கொண்டு, சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜனும் அவர்தம் குழுவினரும் பி வகைக் கல்லீரல் அழற்சிக்குக் கீழாநெல்லியைச் சோதித்த ஆய்வினை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் மதிப்பிடுகிறது. பின்வந்த ஆய்வுகள் அதன் முடிவை உறுதிசெய்யாத நிலையிலும், மரபுவழிக் கூற்று ஒன்றினைச் சரிபார்க்கத்தக்க வினாவாக மாற்றியமையே அதன் நிலைத்த பங்களிப்பு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மஞ்சள் காமாலை, கல்லீரல் அழற்சி, கீழாநெல்லி, நோய்ப்பரவலியல், சித்த மருத்துவம், மருத்துவ வரலாறு.

முன்னுரை

தமிழகத்தில் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது ஏறத்தாழ பழமொழிக்கு நிகரான வழக்காகும். செடியை வேருடன் பிடுங்கிக் கழுவி, அரைத்து, மோரிலோ பாலிலோ கலந்து வெறும் வயிற்றில் அருந்துவதும், உப்பும் எண்ணெயும் குறைத்துப் பத்தியம் காப்பதும் சிற்றூர்களிலும் நகரங்களிலும் இன்றளவும் தொடர்கின்றன. இவ்வழக்கினை அறிவியல் நிறுவிவிட்டது என்று கூறுவோர் 1988-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளிவந்த சென்னை ஆய்வைச் சான்றாகக் காட்டுவர். அறிவியல் அதனை மறுத்துவிட்டது என்று கூறுவோர் 1990-க்குப் பின் வெளிவந்த ஆய்வுகளைச் சான்றாகக் காட்டுவர். இரு தரப்பாரும் 'காமாலை' என்னும் சொல்லை ஒரே பொருளில் ஆள்வதாகக் கருதிக்கொள்கின்றனர். உண்மையில் சென்னை ஆய்வு சோதித்தது காமாலையை அன்று. அது எதனைச் சோதித்தது என்பதை அறிய, அச்சொல்லுக்குள் அடங்கிய நோய்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியப்பட்ட வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

1. குறியும் நோயும்

குருதியில் பித்தநிறமி மிகும்போது கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. சிறுநீர் அடர்நிறம் பெறுகிறது. வைரஸ் தொற்றினாலும், மதுவினாலும், சில மருந்துகளினாலும், பித்தநாளத்தை அடைக்கும் கல்லினாலும், சிவப்பணுக்கள் மிகுதியாகச் சிதைவதனாலும் இந்நிலை தோன்றலாம். சித்த மருத்துவம் காமாலையைப் பித்தத்தின் மிகுதியோடு இயைத்து, நாடியும் நீர்க்குறியும் நெய்க்குறியும் கண்டு அதனுள் பல வகைகளை வகுத்தது. ஆகவே 'காமாலை பலவகைப்படும்' என்னும் அறிதல் தமிழ் மருத்துவ மரபுக்குப் புதிதன்று. ஆயினும் அம்மரபு வகுத்த வகைகள் நோயாளியின் உடலில் காணும் குறிகளை அடிப்படையாகக் கொண்டவை. நோய் எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது என்னும் வினாக்கள் அவ்வகைப்பாட்டிற்கு அடிப்படை ஆகவில்லை.

ஐரோப்பிய மருத்துவமும் நெடுங்காலம் இதே நிலையில்தான் இருந்தது. பித்தநாளத்தின் வாயில் சளி அடைத்துக்கொள்வதால் காமாலை உண்டாகிறது என்னும் கருத்து 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய நோயியலறிஞர் ருடால்ஃப் விர்ச்சோவின் செல்வாக்கால் நிலைபெற்று, அடுத்த நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்தது.

மூலிகைகளை நவீன மருத்துவமனையில் சோதிக்கும் முயற்சி சென்னை மாகாணத்தில் முன்னரே தொடங்கிவிட்டது. 1918 அளவில் மாகாண அரசு நாட்டு மருந்துகளை ஆராயும் பணியை எம்.சி. கோமனிடம் ஒப்படைத்தது. அவருடைய அறிக்கைகள் நாட்டு மருத்துவ முறைகளை விமரிசித்தமையால் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. அதனைத் தொடர்ந்து 1921-இல் முகமது உசுமான் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 1923-இல் அக்குழு அளித்த அறிக்கையின் பயனாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. இவ்விவாதம் பெரும்பாலும் 'நாட்டு மருத்துவம் அறிவியலா, அன்றா' என்னும் பொதுவினாவைச் சுற்றியே சுழன்றது. குறிப்பிட்ட ஒரு மருந்து, குறிப்பிட்ட ஒரு நோயில், மருந்து பெறாதவரோடு ஒப்பிடுகையில் என்ன பயன் தருகிறது என்னும் வினாவை எழுப்புவதற்கான முறை அன்று உருவாகியிருக்கவில்லை. அம்முறை உருவான பின் அதற்குச் சென்னையே ஒரு முதன்மைக் களமானது. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டிலிருந்தே பெறும் சிகிச்சையையும் சானடோரியச் சிகிச்சையையும் ஒப்பிட்டு 1959-இல் வெளியிட்ட முடிவு உலகளவில் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியமைத்தது. கீழாநெல்லிக்கும் அத்தகைய ஒப்பீடு நிகழ வேண்டுமெனில், எந்தக் காமாலை என்பது முதலில் தெளிவாக வேண்டியிருந்தது.

2. குருதிவழிக் காமாலை

காமாலை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் குருதிவழிப் பரவக்கூடும் என்பதற்கு முதற்சான்று ஜெர்மனியின் பிரேமன் நகரிலிருந்து கிடைத்தது. 1883-இல் அங்குள்ள கப்பல் கட்டும் தளத்தில் 1,289 தொழிலாளர்களுக்கு மனித நிணநீரிலிருந்து செய்யப்பட்ட அம்மைப்பால் குத்தப்பட்டது. அடுத்த மாதங்களில் அவர்களுள் 191 பேர் காமாலையுற்றனர். வேறு வகை அம்மைப்பால் பெற்ற தொழிலாளர்களுக்கு அந்நோய் வரவில்லை. இதனை ஆராய்ந்து 1885-இல் வெளியிட்ட லூர்மன், ஒரே இடத்தில் ஒரே நீரை அருந்தி வாழ்ந்தோருள் ஊசி பெற்றோரையும் பெறாதோரையும் பிரித்து எண்ணினார். நோயைக் கண்ணால் காணாமல், எண்ணிக்கையின் வழியே அதன் பாதையைக் கண்டறிதல் என்னும் நோய்ப்பரவலியல் நெறி இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது. 1942-இல் அமெரிக்கப் படைவீரர்களுக்கு இடப்பட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் மனிதக் குருதிநீர் கலந்திருந்தமையால் சுமார் 50,000 பேர் காமாலையுற்றதும் இவ்வுண்மையை உறுதிசெய்தது. 1947-இல் பிரித்தானியர் மெக்கல்லம், உணவும் நீரும் வழியாகப் பரவுவதை 'ஏ' எனவும் குருதிவழிப் பரவுவதை 'பி' எனவும் பெயரிட முன்மொழிந்தார்.

பி வகையின் அடையாளம் எதிர்பாராத திசையிலிருந்து கிட்டியது. மனித இனக்குழுக்களின் குருதிப் புரதங்களில் காணும் வேறுபாடுகளை ஆராய்ந்துவந்த அமெரிக்கர் பரூக் பிளம்பெர்க், பன்முறை குருதி பெற்ற ஹீமோபீலியா நோயாளி ஒருவரின் குருதிநீர், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதிநீரோடு வினைபுரிவதைக் கண்டார். அதன் காரணமான பொருள் 1965-இல் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்னும் பெயரில் வெளியிடப்பட்டது. அது கல்லீரல் அழற்சியோடு தொடர்புடையது என்பது 1967-68 காலப்பகுதியில் தெளிவாயிற்று. பின்னர் அது பி வகை வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் என அறியப்பட்டது. இக்கண்டுபிடிப்பிற்காகப் பிளம்பெர்க் 1976-இல் நோபல் பரிசினைப் பகிர்ந்து பெற்றார். அவருடைய பிறந்தநாளான சூலை 28 இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இச்சோதனை கைவந்தபின் ஒரு புதிய மக்கட்பிரிவு கண்ணுக்குத் தெரிந்தது. கண் மஞ்சளாகாமல், நோவு ஏதுமின்றி, பல்லாண்டுகளாக வைரஸைக் குருதியில் சுமந்து நடமாடும் நோய்த்தாங்கிகளே அவர்கள். மேற்பரப்பு ஆன்டிஜென் ஆறு மாதங்களுக்கு மேல் குருதியில் நீடித்தால் அது நாட்பட்ட தொற்றெனக் கொள்ளப்படும். வளர்ந்த பருவத்தில் தொற்றுவோருள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் வைரஸைத் தாமே வென்றுவிடுகின்றனர். பிறந்தவுடன் தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் தாங்கிகளாகவே வளர்கின்றனர். அத்தகையோருக்குக் கல்லீரல் இழைநார் வளர்ச்சியும் புற்றுநோயும் வரும் வாய்ப்பு மிகுதி என்பதைத் தைவானில் 22,707 ஆடவரைத் தொடர்ந்து கண்காணித்து பீஸ்லி குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. காமாலை காணாதவரே மிகப் பெரிய இடருக்கு உள்ளாகின்றனர் என்பது இதனால் புலனாயிற்று. சொல்லும் நோயும் இங்கு முற்றிலும் பிரிந்துவிட்டன.

3. நீர்வழிக் காமாலை: தில்லியும் காசுமீரும்

நீர்வழிக் காமாலையிலும் ஒரு பெயருக்குள் இரு நோய்கள் மறைந்திருந்தன. அவற்றைப் பிரித்தறிந்த களம் இந்தியாவாகும். 1955-ஆம் ஆண்டின் இறுதியில் யமுனை தன் போக்கை மாற்றியதால் நசஃப்கர் வடிகாலின் கழிவுநீர் வசீராபாத் நீரேற்று நிலையத்தின் வாயிலை எட்டியது. சில வாரங்களுக்குப் பின், 1955 திசம்பரிலும் 1956 சனவரியிலும் தில்லியில் காமாலை பெருகியது. விசுவநாதன் தலைமையிலான ஆய்வு, காமாலையுற்றோர் 29,300 பேர் எனக் கணித்தது. கருவுற்ற பெண்களிடையே இந்நோய் கடுமையாக இருந்தமையும் அப்போதே பதிவாயிற்று. பல்லாண்டுகள் இந்நிகழ்வு ஏ வகைத் தொற்றின் பாடநூல் எடுத்துக்காட்டாகவே கற்பிக்கப்பட்டது.

1973-இல் ஏ வகை வைரஸ் கண்டறியப்பட்டு, அதற்கான குருதிச் சோதனையும் உருவானபின் நிலைமை மாறியது. சேமித்து வைக்கப்பட்டிருந்த தில்லி நோயாளிகளின் குருதிநீரை மீண்டும் சோதித்த ஆய்வாளர்கள், அக்கொள்ளைநோய்க்கு ஏ வகையோ பி வகையோ காரணமன்று என 1980-இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் காசுமீர மருத்துவர் எம்.எஸ். குரூ, 1978-இல் காசுமீரப் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த கொள்ளைநோயை ஆராய்ந்து, இதுவரை அறியப்படாத மற்றொரு வைரஸ் இருக்கக்கூடும் என எழுதினார். அவர் வைரஸைக் காணவில்லை. ஊர் ஊராகச் சென்று எண்ணினார். 1981-இல் அவர்தம் குழு வெளியிட்ட கணக்கின்படி, கருவுற்ற பெண்கள் 208 பேருள் 36 பேர், அதாவது 17.3 விழுக்காட்டினர், நோயுற்றனர். கருவுறாத, மகப்பேற்றுப் பருவத்துப் பெண்கள் 3,350 பேருள் நோயுற்றவர் 71 பேரே, இது 2.1 விழுக்காடு. நோயுற்ற கருவுற்ற பெண்கள் 36 பேருள் 8 பேருக்குக் கல்லீரல் முற்றிலும் செயலிழந்தது. கருவுறாத பெண்களுள் ஒருவருக்கும் அந்நிலை நேரவில்லை. 1983-இல் சோவியத் அறிவியலாளர் பலயான் தம் உடலிலேயே தொற்றை ஏற்று அவ்வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். 1990-இல் அதன் மரபுக்கூறு பிரித்தெடுக்கப்பட்டு, அது ஈ வகை எனப் பெயர் பெற்றது.

ஏ, ஈ ஆகிய இரு வகைகளும் பெரும்பாலோரிடம் சில வாரங்களில் தாமே அடங்குபவை; வைரஸ் உடலில் பொதுவாக நீடிப்பதில்லை. கீழாநெல்லியின் புகழை மதிப்பிடுவதற்கு இச்செய்தி இன்றியமையாதது. தாமே தணியும் நோயில் எந்த மருந்தைக் கொடுத்தாலும் நோய் தணிந்ததாகவே தோன்றும். ஊரில் காமாலையுற்றுக் கீழாநெல்லி அருந்திக் குணமடைந்தவர் எத்தனை பேராயினும், அருந்தாதவரோடு ஒப்பிடாதவரை அவ்வெண்ணிக்கை மருந்தின் ஆற்றலுக்குச் சான்றாகாது. மூலிகையின் மீது அவதூறு கூறுவதாக இதனைக் கொள்ள வேண்டியதில்லை. இவ்வளவை முறை எல்லா மருந்துகளுக்கும் பொதுவானதாகும்.

4. சென்னை ஆய்வு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் தரமணியில் அமைந்துள்ளது. அங்கு நுண்ணுயிரியல் துறையில் பணியாற்றிய எஸ்.பி. தியாகராஜன் பி வகைக் கல்லீரல் அழற்சியைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். பின்னாளில், 2003 முதல் 2006 வரை, அவர் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். 1982-இல் அவர்தம் குழுவினர் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்ட கட்டுரை, கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் ஆய்வுக்குழாயில் மேற்பரப்பு ஆன்டிஜெனைச் செயலிழக்கச் செய்வதாக அறிவித்தது. இரண்டும் காமாலைக்குத் தமிழ் மருத்துவம் கையாளும் மூலிகைகளே. 1987-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் வெங்கடேசுவரன், மில்மன், பிளம்பெர்க் ஆகிய மூவரும், கீழாநெல்லிச் சாறு பி வகை வைரஸின் டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதியைத் தடுப்பதையும், உட்சக் எனும் அமெரிக்கக் கொறிவிலங்கில் அதனையொத்த வைரஸுக்கு எதிராகச் செயற்படுவதையும் வெளியிட்டனர். இவ்விரு குழுக்களின் கூட்டுமுயற்சியே 1988 அக்டோபரில் லான்செட்டில் வெளிவந்த கட்டுரையாகும்.

ஆய்வின் அமைப்பு எளிமையானது. வேர் நீக்கிய செடியை உலர்த்திப் பொடித்து, ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளை, 30 நாள்கள் உறைமாத்திரையாக அளித்தனர். மற்றொரு பிரிவினர்க்கு மருந்துப்போலி அளிக்கப்பட்டது. சிகிச்சை முடிந்த 15 முதல் 20 நாள்களுக்குப் பின் சோதித்தபோது, மூலிகை பெற்ற 37 பேருள் 22 பேரிடம், அதாவது 59 விழுக்காட்டினரிடம், மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்திருந்தது. மருந்துப்போலி பெற்ற 23 பேருள் ஒருவரிடம் மட்டுமே, அதாவது 4 விழுக்காட்டில், அது மறைந்திருந்தது. ஒன்பது மாதம்வரை தொடர்ந்து கண்காணிக்கப்பட்டோர் எவரிடமும் ஆன்டிஜென் மீளவில்லை. குறிப்பிடத்தக்க நச்சு விளைவும் காணப்படவில்லை.

இவ்வாய்வின் தனித்தன்மை மூன்று தெரிவுகளில் அமைந்துள்ளது. முதலாவது, சோதிக்கப்பட்டோர் காமாலை நோயாளிகள் அல்லர். பி வகைத் தாங்கிகள். நாட்பட்ட தாங்கியிடமிருந்து ஆன்டிஜென் தானே மறைவது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு அளவிலேயே நிகழும். ஆகவே 'தானே தணிந்தது' என்னும் ஐயத்துக்கு இங்கு இடம் குறைவு. இரண்டாவது, குணம் என்பது நோயாளியின் கூற்றாலோ கண்ணின் நிறத்தாலோ அளக்கப்படாமல் குருதிச் சோதனையால் அளக்கப்பட்டது. மூன்றாவது, மருந்துப்போலிப் பிரிவு இணைக்கப்பட்டது. கோமன் காலத்து விவாதத்தில் இல்லாதிருந்த கூறுகள் இம்மூன்றுமே.

ஆயினும் ஆய்வின் எல்லைகளும் அதன் எண்களிலேயே தெரிகின்றன. மதிப்பிடப்பட்டோர் மொத்தம் 60 பேரே. இரு பிரிவுகளும் 37, 23 எனச் சமமின்றி உள்ளன. ஓராண்டு கூடக் கண்காணிப்பு நீளவில்லை. ஆசிரியர்களே இதனை 'முதற்கட்ட ஆய்வு' என்று குறித்து, மேலும் ஆராயவே பரிந்துரைத்தனர். அத்துடன் கண்ட விளைவு வியப்புக்குரிய அளவில் பெரியது. பின்னாளில் பயன்பாட்டுக்கு வந்த என்டெகாவிர், டெனோஃபோவிர் ஆகிய மருந்துகள் வைரஸின் பெருக்கத்தைத் திறம்பட அடக்குகின்றன. எனினும் அவற்றை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டாலும் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைவோர் மிகச் சிலரே. 30 நாள் மூலிகைச் சிகிச்சை 59 விழுக்காட்டினரிடம் அதனை நிகழ்த்தியதெனின், மருத்துவ வரலாற்றின் பெருஞ்சாதனைகளுள் அதுவும் ஒன்றாகியிருக்கும். அத்தகைய கூற்றுக்கு மறுசோதனை தவிர்க்க இயலாதது.

5. மறுசோதனைகள்

மறுசோதனைகள் விரைந்தே வந்தன. 1990-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள், நோய்க்குறியற்ற தாங்கிகளிடம் இம்மூலிகை பயனளிக்கவில்லை என லான்செட்டிலேயே அறிவித்தனர். 1991-இல் நெதர்லாந்திலிருந்தும், 1994-இல் மும்பையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வெளிவந்த ஆய்வுகளும் சென்னை முடிவை உறுதிசெய்யவில்லை. 2011-இல் வெளிவந்த காக்ரேன் முறைசார் மதிப்பாய்வு, மருந்துப்போலியோடு ஒப்பிடுகையில் இச்செடியினத்துக்குத் தெளிவான பயன் இருப்பதாக ஏற்கத்தக்க சான்று இல்லை என்றது. வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கையில் நன்மை இருப்பதாகக் காட்டிய ஆய்வுகளும் பிழைகள் நேர வாய்ப்புள்ள அமைப்பு உடையவை என்று அது சுட்டியது.

இம்முரணுக்கு இரு வகை விளக்கங்கள் இயலும். முதல் விளக்கம் நோயாளிகளைப் பற்றியது. அண்மையில் தொற்றித் தாமே குணமாகும் நிலையிலுள்ளோர் சிலர் தாங்கிகளோடு கலந்துவிட்டால், சிறிய ஆய்வில் முடிவு பெரிதும் சாயும். தொற்றின் வயதை உறுதிசெய்ய ஆறு மாத இடைவெளியில் இருமுறை சோதித்தல் வேண்டும் என்னும் விதி இதனாலேயே வற்புறுத்தப்படுகிறது. சிறு எண்ணிக்கையால் நேரும் தற்செயலும் இவ்வகையில் அடங்கும். இரண்டாம் விளக்கம் செடியைப் பற்றியது. தமிழாய்வாளர்க்கு அது தனிக் கவனத்துக்குரியது.

6. ஒரு பெயர், பல செடிகள்

1982, 1987 ஆகிய ஆண்டுகளின் கட்டுரைகள் செடியை 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்கின்றன. 1988-ஆம் ஆண்டுக் கட்டுரையோ 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்' என்கிறது. இடையில் செடி மாறவில்லை, பெயரே திருத்தப்பட்டது. இந்தியத் தாவர நூல்களில் 'நிரூரி' என வழங்கிய பெயருக்குள் அமாரஸ், ஃபிரேட்டர்னஸ், டெபிலிஸ் என மூன்று தனிச் சிற்றினங்கள் கலந்துள்ளன என்பதை மித்ராவும் செயினும் 1985-இல் எடுத்துக்காட்டினர். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடியாகும்.

தமிழ் வழக்கு இவ்வினத்துச் செடிகளைத் தனக்குரிய முறையில் பகுத்துள்ளது. இலைக்காம்பின் கீழ்ப்புறம் வரிசையாகக் காய் தாங்குவது கீழாநெல்லி. அதனின் வேறானது மேலாநெல்லி. செந்நிறத் தண்டுடையது சிவப்புக் கீழாநெல்லி. இப்பகுப்பு நுட்பமானதே. ஆயினும் மூன்று சிற்றினங்களும் கண்ணுக்கு ஒத்தே தோன்றுவதால், 'கீழாநெல்லி' என்று விற்கப்படும் உலர்ந்த பொடியில் எது உள்ளது என்பதைப் பெயரைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது. செடி விளைந்த மண்ணும் பறித்த பருவமும் வேதிக்கூறுகளை மாற்றக்கூடும் என்பதால், பிறநாட்டு ஆய்வுகள் பயன்படுத்திய செடி சென்னைச் செடியோடு ஒத்ததன்று என்னும் வாதம் முன்வைக்கப்பட்டது. இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அது இருபுறமும் வெட்டும் வாளாகும். குறிப்பிட்ட மண்ணின் குறிப்பிட்ட பருவத்துச் செடி மட்டுமே பயன் தருமாயின், கடையில் வாங்கும் பொடியோ வேலியோரம் பறிக்கும் செடியோ அதே பயனைத் தரும் என்று கூறுவதற்கு இடமில்லை. மருந்தைக் காக்க எழுந்த வாதமே பொதுவழக்கின் உறுதியைக் குலைக்கிறது.

நோயின் பெயரும் செடியின் பெயரும் ஒரே சிக்கலின் இரு முனைகளாக அமைந்துள்ளன. 'காமாலைக்குக் கீழாநெல்லி' என்னும் தொடரில் எழுவாயும் பயனிலையும் ஒருங்கே பன்மைப் பொருளைத் தாங்கி நிற்கின்றன.

7. இன்றைய பொருத்தம்

இப்பகுப்பு ஏட்டளவில் நிற்பதன்று. விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, திருத்தங்கல் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். திருத்தங்கல் 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. மழை குறைந்த இவ்வட்டாரத்தின் வறண்ட தட்பவெப்பமே பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களுக்கு ஏற்புடையதாயிற்று. அதே வறட்சியால் குடிநீரைத் தொலைவிலிருந்து பெற்றுச் சேமித்துப் பயன்படுத்தும் தேவையும் நேர்ந்தது. நீரைச் சேமிக்கும் ஒவ்வோர் இடமும், குழாய் உடையும் ஒவ்வோர் இடமும் ஏ, ஈ வகைகள் புகத்தக்க வாயிலாகும். மறுபுறம், வெடிவிபத்தில் தீக்காயமுற்றோர்க்குக் குருதியும் குருதிக்கூறுகளும் ஏற்றப்படும்போது, பி, சி வகைகள் பரவாதிருக்கக் கொடையாளர் குருதியைச் சோதித்தல் இன்றியமையாததாகிறது. ஒரே ஊரில், ஒரே பெயரால் அழைக்கப்படும் நோய்க்கு ஒரு தடுப்பு நகராட்சியின் நீர்க்குழாயிலும், மற்றொரு தடுப்பு மருத்துவமனையின் குருதி வங்கியிலும் அமைந்துள்ளது.

நாள்கூலி பெறும் தொழிலாளி ஒருவர் கண் மஞ்சளாகிப் படுக்கையில் வீழ்ந்தால், கீழாநெல்லி அருந்தி ஓரிரு வாரம் ஓய்வெடுப்பது அவருக்கு எளிய வழியாகத் தோன்றும். நோய் ஏ வகையாயின் பெரும்பாலும் கேடில்லை. ஈ வகையாயிருந்து நோயுற்றவர் கருவுற்ற பெண்ணாயின், அவ்விரு வாரங்களும் உயிர்க்கு இடரானவை. பி வகைத் தாங்கியாயின், மஞ்சள் மறைந்ததையே குணமெனக் கொண்டு அவர் மீண்டும் சோதிக்காதிருக்கலாம். வைரஸோ குடும்பத்தாருக்குப் பரவலாம். இவ்வேறுபாட்டை வெளிப்படுத்துவது எளிய குருதிச் சோதனையேயன்றி வேறன்று.

பி வகைக்கு உறுதியான தடுப்பு மூலிகை வழியாகவன்றித் தடுப்பூசி வழியாகவே வந்தது. குருதிநீரிலிருந்து செய்யப்பட்ட தடுப்பூசி 1981-இலும், மரபணு மாற்ற முறையில் ஆனது 1986-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. 1997-இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இந்தியாவிலேயே அதனை உருவாக்கி விலையைக் குறைத்தது. பி வகைத் தடுப்பும் அடங்கிய ஐங்கூட்டுத் தடுப்பூசி 2011 திசம்பரில் நாட்டிலேயே முதலாகத் தமிழகத்திலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2018 சூலை 28 அன்று தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டு, சோதனையும் பி, சி வகைகளுக்கான மருந்துகளும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. பிளம்பெர்க்கின் பெயர் கீழாநெல்லி ஆய்விலும் தடுப்பூசியின் தோற்றத்திலும் ஒருங்கே இடம்பெறுவது, அறிவியல் ஒரு வழியை மட்டும் நம்பி நடப்பதில்லை என்பதைக் காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. காமாலை என்னும் பெயருக்குள் அடங்கிய நோய்களைப் பிரித்தறிந்தது ஆய்வுக்கூடம் மட்டுமன்று. பிரேமன் தொழிலாளர்களையும், தில்லி நகரத்தாரையும், காசுமீரச் சிற்றூர்ப் பெண்களையும் வகைப்படுத்தி எண்ணிய நோய்ப்பரவலியலும் ஆகும். தியாகராஜன் குழுவின் ஆய்வு அவ்வறிவைத் தமிழ் மருத்துவ மரபின் ஒரு கூற்றோடு இணைத்தது. தாமே குணமாகும் நோயை விடுத்து, தாமே குணமாகாத தொற்றைத் தெரிந்து, அளக்கத்தக்க ஒரு குறியைக் கொண்டு அது வினவியது. அவ்வாறு வினவியதனாலேயே தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பிறர் அதே வினாவை மீண்டும் கேட்க முடிந்தது. வேறு விடையைப் பெறவும் முடிந்தது. மறுக்கப்பட்டமையால் அவ்வாய்வு வீணாயிற்று என்பது பொருந்தாது. மறுக்கத்தக்க வடிவில் மரபுக் கூற்று ஒன்று உலக ஆய்வுலகின் முன் வைக்கப்பட்டமை, கோமன், உசுமான் காலத்து விவாதத்தினின்றும் தமிழக மருத்துவ ஆய்வு நெடுந்தொலைவு கடந்து வந்ததற்குச் சான்றாகும்.

ஆயினும் தமிழ்ப் பொதுநினைவில் 1988-ஆம் ஆண்டின் விழுக்காடு தங்கிய அளவுக்கு 1990-க்குப் பிந்தைய முடிவுகள் தங்கவில்லை. மரபு மருத்துவ வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் இரண்டையும் ஒருங்கே பதிவுசெய்தல் கடனாகும். 59 என்னும் எண்ணை மட்டும் எடுத்தாளும் ஒவ்வோர் எழுத்தும், சோதனைக்குச் செல்ல வேண்டிய தாங்கி ஒருவரை அதனின்று விலக்கக்கூடும். எந்தக் காமாலை, எந்தக் கீழாநெல்லி என்னும் இரு வினாக்களையும் கேட்ட பின்னரே அவ்வெண்ணை எடுத்தாள்வது ஆய்வு நேர்மைக்கும் மக்கள் நலனுக்கும் ஏற்றதாகும்.